நர்ஸ் மிஸ்ஸியைக் கேளுங்கள்: வலிக்காத வெள்ளைத் திட்டு

மிஸ்ஸி, அம்மாவுக்கு 63 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை இல்லாமல் ஒரு நாளும் போகாது. இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது. வலி இல்லையாம். ரசம் மட்டும் எரிகிறது என்று தள்ளிவைக்கிறார். கிளினிக்குக் கூப்பிட்டால், “உன் பாட்டி சாகும்வரை போட்டாங்க, என்ன ஆச்சு?” என்கிறார். நான் ஷிப்ட் வேலை, லீவு போட்டால் சம்பளம் போகும்.
- மகள், சுங்கை சிப்புட்

தங்கச்சி, லீவு போடு. சம்பளம் போவது வருத்தம்தான், ஆனாலும் போடு. ரசம் எரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தில் ஊறினால் உள்தோல் இறுகும். முதலில் காரம் எரியும், அப்புறம் வாய் முழுதாகத் திறக்காது. டார்ச் அடித்து நாக்குக்கு அடியிலும் பார்.

வெள்ளைத் திட்டு எல்லாம் புற்றுநோய் இல்லை. சிலது அப்படி மாறும். எது மாறும் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. சிவப்புத் திட்டு இன்னும் மோசம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும் காட்டியே ஆக வேண்டும். புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வந்த பிறகு வந்தவர்களைத்தான் நான் தோட்டங்களில் அதிகம் பார்த்தேன்.

அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போ. ‘கேன்சர்’ என்று சொன்னால் வரமாட்டார். “பல்லைக் காட்டிட்டு வரலாம்மா” என்று சொல். அது பொய்யும் இல்லை. இத்தனை வருடம் வெற்றிலை போட்ட வாயில் பார்க்க வேண்டிய பல் இல்லாமலா போகும்? சந்தேகம் என்றால் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

பாட்டி தப்பித்தது அவர் அதிர்ஷ்டம். நம் மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் அதிகம் வருவது இந்தியர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு.

“புகையிலையை மட்டும் விட்டுடறேன்” என்று அம்மா பேரம் பேசுவார். ஒத்துக்கொள்ளாதே. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. வெற்றிலை பாக்கு சாமி தட்டோடு நிற்கட்டும். மெல்ல ஏதாவது வேண்டுமென்றால் சோம்பு கொடு. பாக்கும் ஆளைப் பிடித்துக்கொள்ளும் சரக்குதான். கொஞ்ச நாள் சிடுசிடுப்பார், பொறுத்துக்கொள்.

உன் வயதை எழுதவில்லை. 30 தாண்டியிருந்தால் அதே லீவு நாளில் சுகாதார கிளினிக்கில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் கேட்டுவிடு.

கிளினிக்கில் டப்பா கொடுத்து மலம் எடுத்து வரச் சொன்னார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 54 வயதில் இது தேவையா? வெட்கமாக இருக்கிறது.
- செம்பனை லாரி ஓட்டுநர்

தம்பி, தேவைதான். 50 வயதைத் தாண்டி, தொந்தரவு இல்லாமல் இருப்பவர்களிடம் குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடத்தான் அந்த டப்பாவே. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். இருந்தால் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். ‘மூலமாகத்தான் இருக்கும்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால் அதை நிறுத்தவும் அதே கிளினிக்கில் உதவி கேளுங்கள். வெட்கத்துக்கு மருந்து, ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை. கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் டப்பா ஒன்றும் புதுசு இல்லை.