குப்பியில் தேதி எழுதிவிட்டீர்களா? வாசகர் கேள்வி பதில்

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பாட்டி எண்ணெய் காய்ச்சிய அடுப்படியில் வளர்ந்தவள் நான். அப்புறம் 31 ஆண்டுகள் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்தேன். இரண்டு இடத்திலும் கற்றதை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன். இந்த முறை எலுமிச்சையைப் பற்றித்தான் நிறையக் கடிதங்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அம்மா, முகம் பளிச்சென்று ஆகும் என்று எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து பூசினேன். கால் மணி நேரம் கழித்து லேசாகக் கழுவிவிட்டு ஸ்கூட்டரில் வேலைக்குப் போனேன். மறுநாள் கன்னத்தில் எரிச்சல். மூன்றாம் நாள் கன்னத்திலிருந்து கழுத்து வரை பழுப்பாக ஒரு கோடு, சாறு வழிந்த மாதிரியே. இது போகுமா?

பதில்: போகும் மகளே, முதலில் பயத்தை விடுங்கள். சாறு வழிந்த மாதிரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது சாறு வழிந்த தடமேதான். எலுமிச்சையில், அதிலும் பழத்தின் தோலில், சொராலென் வகையைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன. அவை நம் தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துச் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும், சிலருக்குக் கொப்புளமே வரும். ஆறிய பிறகு கறுப்பு நிற்கும். இது ஒவ்வாமை அல்ல. சாறும் வெயிலும் சேர்ந்தால் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

எனக்கும் வந்தது. 19 வயதில் பிழிந்த எலுமிச்சை மூடியைப் புறங்கையில் தேய்த்துக்கொண்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனேன். இரண்டு புறங்கைகளிலும் விழுந்த கறுப்பு நான்கு மாதம் இருந்தது. யாரைப் பார்த்தாலும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். காரணத்தைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது நான்கு வருடம் ஓடியிருந்தது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு மட்டும் எத்தனை முறை வந்தாலும் பதில் எழுதுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். கறுப்பை எடுக்கிறேன் என்று வேறு எதையும் பூசாதீர்கள். வாசனை இல்லாத ஈரப்பதக் களிம்போ வெறும் வாசலைனோ போதும். வெளியே போகும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள், எரிச்சல் அடங்கிய பிறகு எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். வெயில் படப் படக் கறுப்பு கூடும், படாவிட்டால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாக மங்கும். கொப்புளம் வந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று. நம் தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். என்ற அமில அளவுகோலில் சுமார் 5; எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாறு சுமார் 2. மூன்று எண்தானே என்று தோன்றும். ஆனால் அந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. தோலைவிட ஆயிரம் மடங்கு அமிலத்தைத்தான் முகத்தில் பூசியிருக்கிறீர்கள். தேன் கலந்ததால் அது சாதுவாகிவிடாது.

முதலில் சொன்ன சொராலெனுக்காகக் குளியல் பொடி அரைப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கார்போக அரிசி சேர்க்கிறீர்கள் அல்லவா? சொராலென் என்ற பெயரே அந்தச் செடியின் தாவரவியல் பெயரான சொராலியாவிலிருந்து வந்ததுதான். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் சொராலெனைக் கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டுவார்கள். அதை நேரம் அளந்து செய்வார்கள். நாம் அளப்பதில்லை. காலையில் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் நிற்பவர்களுக்கு அரைக்கும் பொடியில் கார்போக அரிசியை விட்டுவிடுங்கள். பயற்றம் மாவும் ரோஜா இதழும் பூலாங்கிழங்குமே போதும்.

கேள்வி: சமையல் சோடாவை முகத்துக்கு ஸ்கிரப் ஆகப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். எலுமிச்சை ஒரு பக்கம் இழுத்தால் இது மறுபக்கம் அதே அளவுக்கு இழுக்கும், பி.எச். சுமார் 8. பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக் கற்றாழையில் ஜெல் எடுத்து, கெடாமல் இருக்க வைட்டமின் ஈ மாத்திரை இரண்டு உடைத்து ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஒரு மாதம் ஆகிறது. நிறம் மாறவில்லை, வாசனை மட்டும் லேசாகப் புளிப்பு. இன்னும் எவ்வளவு நாள் வைக்கலாம்?

பதில்: இன்றைக்கே கொட்டிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். எவ்வளவு பொறுமையாக வழித்து எடுத்திருப்பீர்கள்! ஆனால் புளிப்பு வாசனை வருவதற்கு வெகு நாள் முன்பே அதில் கிருமி பெருகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். தண்ணீரில் வளரும் கிருமியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கற்றாழைச் சோறோ பெரும்பகுதி தண்ணீர்தான்.

மருந்தகத்தில் தினமும் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் மருந்து குப்பியில் தூளாக வரும். தூளாக இருக்கும் வரை பல மாதங்கள் தாங்கும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கிய நிமிடத்திலிருந்து 7 நாளோ 14 நாளோதான். குப்பி மேல் தேதி எழுதிக் கொடுப்போம். அதே குப்பி, அதே மருந்து, சேர்ந்தது தண்ணீர் மட்டும். வீட்டிலும் அதுதான் கணக்கு. காய்ந்த பொடி மாதக்கணக்கில் இருக்கும், ஈரமில்லாத எண்ணெயும் இருக்கும். தண்ணீர் சேர்ந்த எதுவும் இருக்காது. பன்னீர் சேர்த்த விழுது, தயிர் குழைத்த பூச்சு எல்லாம் அன்றே செய்து அன்றே தீர்க்க வேண்டியவை.

அடுத்த முறை மடலை வெட்டியதும் வெட்டு வாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக ஒரு பால் வடியும். அதில் இருக்கும் அலோயின் பலருக்கு அரிப்பைக் கொண்டுவரும். கற்றாழை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது அந்த மஞ்சள் பால்தான். இருபது நிமிடம் வடிந்த பிறகு கழுவித் தோல் சீவுங்கள். தேவைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டி. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு என்றால் நான்கைந்து நாளுக்கு மேல் வேண்டாம். குப்பியில் தேதி எழுதி ஒட்டுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் எல்லோரும் தவறும் இடம்.

கேள்வி: 52 வயது. இயற்கை என்பதால் மருதாணிதான் போடுவேன். ஒருவர் கொடுத்த கறுப்பு மருதாணிப் பொடியைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நல்ல கறுப்பு. ஆனால் இரண்டாம் நாள் நெற்றி ஓரமும் காது மடலும் அரித்து நீர் கசிந்தது. மருதாணி இப்படிச் செய்யுமா?

பதில்: செய்தது மருதாணி இல்லை என்றுதான் நினைக்கிறேன். மருதாணி இலையில் இருக்கும் சாயம் லாசோன். அது முடியில் உள்ள கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும். அதன் நிறம் செம்மஞ்சள், அதிகம் போனால் செம்பழுப்பு. தனி மருதாணியால் கறுப்பு வராது. ஒரே மணி நேரத்தில் கறுப்பு என்றால் உள்ளே பி.பி.டி. என்ற இரசாயனச் சாயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது ஒரு முறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் உடம்பு அதைப் பொதுவாக ஆயுளுக்கும் மறக்காது. அடுத்த முறை முதல் முறையைவிடக் கடுமையாக வரும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதனால் மீதிப் பொடியைத் தூக்கிப் போடுங்கள், ஆனால் பாக்கெட்டைப் பத்திரப்படுத்தித் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி.பி.டி.தான் என்று அவர் உறுதி செய்தால் இனி எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிவிடுங்கள். மரத்துப்போகச் செய்யும் சில மருந்துகளோடும் அதற்கு உறவு உண்டு.

தோல் முழுதாக ஆறி, மருத்துவரும் சரி என்ற பிறகு மறுபடி ஆசைப்பட்டால் மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரி இலைப் பொடியும்தான் வழி. மருதாணிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து எட்டு மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் தலையில் வைத்து அலசுங்கள். நரை முடி ஆரஞ்சாகத் தெரியும், பதற வேண்டாம். அவுரி அதற்கு நேர்மாறு, அதை ஊற வைக்கக் கூடாது. பூசப்போகும் நேரத்தில் வெந்நீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தலையில் ஏறிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் வைத்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். முதல் நாள் பச்சை ஓடினாற்போல் இருக்கும். காற்றுப் படப் பட இரண்டு நாளில் கறுக்கும். இத்தனை வேலை இருக்கிறதே என்று தோன்றும். உண்மையான மூலிகைச் சாயத்துக்கு அந்த நேரம் தேவை.

பூசும் முன் சோதித்துப் பாருங்கள் என்று ஒவ்வொரு மாதமும் எழுதுகிறேன், இந்த மாதமும் எழுதுகிறேன். ஐந்து நிமிடச் சோதனை போதாது. ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தும் வரும். முழங்கை மடிப்புக்குக் கீழே, காசு அகலத்துக்கு ஒரே இடத்தில் தடவி, மூன்று நாளாவது பாருங்கள். தினமும் போடும் பூச்சாக இருந்தால் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். முழங்கை பொறுத்துக்கொண்டதைத்தான் முகத்துக்கும் தலைக்கும் எடுத்துப்போக வேண்டும்.

கேள்வி: குழந்தை பிறந்து மூன்று மாதம். தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி. கரிசலாங்கண்ணித் தைலம், வெங்காயச் சாறு எல்லாம் பார்த்துவிட்டேன். எது நிறுத்தும்?

பதில்: எதுவும் நிறுத்தாது, ஆனால் அதுவாகவே நின்றுவிடும். கர்ப்ப காலத்தில் உதிர வேண்டிய முடி உதிராமல் தங்கிவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் இறங்கியதும் அவை ஒன்றாக ஓய்வுக்குப் போய், சுமார் மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. உங்களுக்குச் சரியாக அந்த நேரம். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் பழையபடி வந்துவிடும். நெற்றி ஓரத்தில் பூனை முடி போல நிமிர்ந்து நிற்பதைக் கண்டால் சந்தோஷப்படுங்கள், புதிதாக வருவது அது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அந்தப் பொறுமை வேண்டும்.

வெங்காயச் சாற்றை நிறுத்திவிடுங்கள், எரிந்துபோன தலைத்தோலோடு குழந்தையையும் பார்க்க முடியாது. தேங்காய் எண்ணெய் தடவலாம். அது முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இருக்கிற முடி உடையாமல் காக்கும், புதிய முடியை முளைக்க வைக்காது. ஒரு வருடம் தாண்டியும் கொட்டினாலோ, படியேறினாலே அசதியாக இருந்தாலோ இரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவ வேண்டும், நாக்கில் தேன் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். அவர் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: அவர் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டும் வேண்டாம், உறுதியாகச் சொல்கிறேன். கற்பூரம் சிறு குழந்தையின் தோல் வழியாகவும் உள்ளே போகும். வாயில் போனால் கொஞ்சமே வலிப்பைக் கொண்டுவரும். கற்பூரம் வாயில் போட்டுக்கொண்டு வலிப்போடு வந்த குழந்தைக்கு ஓர் இரவு முழுக்க மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாயின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டு வயது வரை கற்பூரம் அருகிலேயே வரக் கூடாது. தேன் ஒரு வயது வரை கூடாது. சுத்தமான தேனிலும் பாட்டுலிசம் என்ற நோயைக் கொண்டுவரும் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் குடல் அதைத் தாங்கும், கைக்குழந்தையின் குடல் தாங்காது.

மாமியாரிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஒரு வேலையைக் கொடுங்கள். "அத்தை, வெறும் தேங்காய் எண்ணெயை நீங்களே உள்ளங்காலிலும் முதுகிலும் தடவி விடுங்கள், உங்கள் கைக்குத்தான் அவன் தூங்குவான்" என்று சொல்லிப் பாருங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பால். ஆவி பிடிக்க வைக்காதீர்கள், வெந்நீர் கவிழ்ந்து வெந்த குழந்தைகள் நிறைய. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா ஒடுங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

கேள்வி: பருவுக்குப் பூண்டு தேய்க்கலாமா?

பதில்: பச்சைப் பூண்டு தோலைப் பொசுக்கும். பரு போகும் முன் புண் வரும். வேண்டாம்.

கேள்வி: செம்பருத்தி எண்ணெய் காய்ச்சினால் இரண்டே வாரத்தில் அடியில் பூசணம் பிடிக்கிறது. பதம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இலையில் இருக்கும் தண்ணீர் முழுதாகப் போகவில்லை. செம்பருத்தியை முதலில் இரண்டு மூன்று நாள் நிழலில் வாட்டுங்கள். அடி கனமான பாத்திரத்தில், மிகச் சிறு தீயில் எண்ணெயோடு வையுங்கள். முதலில் சடசடவென்று சத்தம் கேட்கும், நுரை எழும்பும். அது தண்ணீர் வெளியேறும் சத்தம். சத்தம் குறையக் குறைய நுரையும் அடங்கும். அப்போது கரண்டியில் கொஞ்சம் சக்கையை எடுத்து ஆறவிட்டு விரலில் உருட்டுங்கள். மெழுகு போலத் திரண்டால் இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, மணல் மணலாக உதிர்ந்தால் ஈரம் போய்விட்டது. கருகும் வரை விடக் கூடாது. என் பாட்டி அந்தச் சக்கையில் ஒரு சிட்டிகையைத் திரியில் வைத்துக் கொளுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். திரி வெடிக்காமல் அமைதியாக எரிந்தால்தான் அடுப்பை அணைப்பார். ஆறிய பின் உலர்ந்த துணியில் வடித்து, வெயிலில் காய்ந்த கண்ணாடிக் குப்பியில் ஊற்றுங்கள். ஈரக் கையோடு மூடியைத் திறக்காதீர்கள்.