செல்லுக்குச் சாப்பாடு

கேள்வி: மகள் பெங்களூரில் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் பற்றி பிஎச்டி பண்ணுகிறாள், இது இரண்டாவது வருஷம். "ஏட்டி, ஆனித் தேரோட்டத்துக்கு வந்துட்டுப் போ" என்றால், செல்லுக்குச் சாப்பாடு மாற்றணும், ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்குப் போகணும் என்கிறாள். மதினிமார் வேறு, "இன்னும் மருந்து கண்டுபிடிக்கலையாக்கும்?" என்கிறார்கள். என்ன சொல்வது?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: அவள் சாக்குச் சொல்லவில்லை அக்கா. என்றோ ஒரு நோயாளிப் பிள்ளையிடம் எடுத்து வளர்த்துவரும் செல்கள், அதாவது உயிரணுக்கள், 37 டிகிரி சூட்டில், குடுவைக்குள் ரோஸ் நிறத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் சத்தையெல்லாம் தின்றுவிட்டு, கழிவு சேர்ந்து திரவம் புளித்து மஞ்சளாகிவிடும். மாற்றாமல் விட்டால் செத்துப்போகும், தேரோட்டமா திங்கட்கிழமையா என்று அதற்குத் தெரியாது. நானும் ஒரு லேபில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன்தான். ஒருநாள் காலையில் பார்த்தால் குடுவைக்குள் பழைய இட்லி மாவில் பூத்த மாதிரி பூஞ்சை, மூன்று மாத வேலை போச்சு. அவள் போனில் எரிந்து விழுகிற நாளில் மாப்பிள்ளைப் பேச்சை எடுக்காதீர்கள்.

மதினிமாரிடம் வேலியோரத்து நித்தியகல்யாணியைக் காட்டுங்கள், அதுதான், சுடுகாட்டுப் பூ. நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் பயிராகவே போடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று 1950களில் கனடாவில் அதன் இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. ரத்தப் புற்றுநோயில் கணக்கில்லாமல் பெருகுவது பெரும்பாலும் அந்த அணுக்கள்தான். சரி, பலிக்கவில்லை என்று தூக்கிப் போடாமல், ஏன் குறைந்தது என்று யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பார்த்ததால்தான் அந்தச் செடியிலிருந்து மருந்துகள் வந்தன. அதில் ஒன்றான வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இன்றைக்கும் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஏற்றுகிறார்கள். (இதைப் படித்துவிட்டு இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள், விஷம்!)

அது ஒன்றே போதவும் இல்லை. அதற்கு முன்னாடியே, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு செய்துகொடுத்த மருந்தை பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இந்த நோய் வந்த 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார், 10 பேருக்கு நோய் தணிந்தது. அந்த முடிவு வெளிவந்தது 1948இல். சில மாதத்தில் நோய் திரும்பிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்துச் சேர்த்து, பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகையில் பணக்கார நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள் என்ற நிலைக்கு வரப் பல பத்து வருஷம் ஆனது. உங்கள் மகள் பார்ப்பது மிச்சமிருக்கும் அந்தப் பத்துப் பேருக்கான வேலையாக இருக்கலாம். அதில் அவள் பங்கு ஒரு துளியாகவும் இருக்கலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தேரோட்டத் தேதியை ஒரு மாதம் முன்னாடியே சொல்லுங்கள். செல்லில் கொஞ்சத்தைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டு, மிச்சத்தை லேபில் கூட இருக்கும் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம். திரும்பும்போது அந்தப் பிள்ளைக்கும் கருப்பட்டி மிட்டாய் கட்டிக் கொடுங்கள்.