பாமினிக் கோப்புகளும் உடையும் ‘கொ’வும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அச்சகத்துக்கு விண்டோஸ் 11 கணினி புதிதாக வாங்கினோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்த கோப்புகள் ஆங்கில எழுத்துகளாகத் திறக்கின்றன. லதா எழுத்துருவில் செய்த அழைப்பிதழ்களில் வரிகள் இடம் மாறிவிட்டன. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ‘கொ’ உடைகிறது. எல்லாவற்றுக்கும் சரிவரும் நல்ல எழுத்துரு ஒன்று சொல்லுங்கள்.

வாசகர், சிவகாசி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருப்பவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஓர் எழுத்துருவால் மூன்றும் தீராது.

லதா சிக்கல் எளிது. விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா எழுத்துருக்கள் தாமாக வருவதில்லை. கோப்பு லதாவைக் கேட்கும்போது கணினி நிர்மலா எழுத்துருவை வைத்துக் காட்டுகிறது. அகலம் வேறு என்பதால் வரி மடங்குகிறது. அமைப்புகளில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ போய், ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேருங்கள்.

இன்டிசைனில் எழுத்துருவின் மேல் பிழையில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றே பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று மாற்றுங்கள். ஸ்டைலிலேயே மாற்றினால் ஒவ்வொரு பத்தியாகத் தொட வேண்டியதில்லை.

பாமினிக்குத்தான் பொறுமை வேண்டும். அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ‘தமிழ்’ என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்துகிறது, அவ்வளவே. பழைய வேலையை ஒருமுறை அச்சடிக்க மட்டும் என்றால், பழைய கணினியின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து நிறுவினால் போதும். மறுபடி திருத்தவும் தேடவும் வேண்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியே விடுங்கள்.

மாற்றும்போது முழுக் கோப்பையும் மாற்றித் தரும் கருவியில் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். இடையே உள்ள ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழாகிவிடும். பாமினியில் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். தடித்த எழுத்தும் அட்டவணையும் போய்விடும் என்பதால் மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள்.

பிழை திருத்தும்போது ஔகாரத்தை விடாமல் பாருங்கள். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசை. அதனால் ‘கௌரவம்’ பல நேரம் க, கொம்பு, ள என மூன்று துண்டாக வந்து விழும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, தேடினால் கிடைக்காது. ‘கெள’, ‘செள’, ‘பெள’, ‘மெள’ என்று ஒவ்வொன்றாகத் தேடி, சொல்லைப் படித்துப் பார்த்துத் திருத்துங்கள். ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை மட்டும் அழுத்தவே வேண்டாம். ‘கெளுத்தி’யில் இருப்பது உண்மையான ளகரம், அதையும் ஔகாரமாக்கினால் உகரக் குறி உட்கார இடமில்லாமல், புள்ளிகளால் ஆன வெற்று வட்டமான புள்ளிவட்டத்தில் தொங்கும்.

முதலில் இரண்டு பக்கக் கோப்பு ஒன்றில் செய்து பாருங்கள். புள்ளிவட்டம் எங்காவது தெரிந்தால் அந்த வரியை அப்படியே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.