மல்டிபிளேயர் பேக்எண்ட் எங்கே உடைகிறது? கேள்வி பதில்

ஆன்லைன் விளையாட்டுகளின் பேக்எண்டில், அதாவது ஆடுபவர் கண்ணில் படாத சர்வர் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, நாலு பேர் ஆடும் சீட்டு விளையாட்டு ஒன்று செய்கிறோம். ரெடிமேட் பேக்எண்ட் சேவை எடுக்கலாமா, நாங்களே எழுதலாமா?

பதில்: ரெடிமேட் எடுங்கள் தம்பி. லாகின், நண்பர் பட்டியல், லீடர்போர்டு (முன்னணி வீரர் பட்டியல்) எல்லாம் பலர் எழுதி முடித்தவை. ஆனால் அந்தச் சேவையை மூடிவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். கேம்ஸ்பை என்ற ஆன்லைன் ஆட்டச் சேவை 2014 மே 31-இல் மூடியபோது பல பழைய விளையாட்டுகளில் ஆன்லைன் ஆட்டமே நின்றுபோனது. அமேசான் வாங்கிய கேம்ஸ்பார்க்ஸ் என்ற பேக்எண்ட் சேவை 2022 செப்டம்பரோடு முடிந்தது. ஆட்ட விதிகளை அந்தச் சேவையின் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதியவர்களுக்குத்தான் பெரிய அடி. சீட்டைக் கலைப்பது, முறை மாற்றுவது, பாயிண்ட் கணக்கு எல்லாம் தனி கோடாக உங்கள் கையில் இருக்கட்டும். நகாமா மாதிரி ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்) பேக்எண்டை எடுத்து நீங்களே ஓட்டினால் சர்வர் உங்களோடது. நடுராத்திரியில் டேட்டாபேஸ் படுத்தால் எழுந்து பார்ப்பதும் நீங்கள்தான்.

கேள்வி: சார், க்ளவுடில் எத்தனை சர்வர் வேண்டுமானாலும் சேர்க்கலாமே. அப்புறம் ஏன் வெளியீட்டு நாளில் பெரிய கம்பெனி விளையாட்டுகள்கூட விழுகின்றன?

பதில்: எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆட்டம் நடக்கும் சர்வரைப் பெருக்குவது சுலபம்; ஒரு மேட்ச்சுக்கும் இன்னொரு மேட்ச்சுக்கும் தொடர்பில்லை. ஆனால் கணக்கு, பொருட்கள், நண்பர்கள், மேட்ச்மேக்கிங் (யாரோடு யார் ஆடுவது என்று சேர்ப்பது) எல்லாம் பொதுவான இடத்தில் வந்து சேர்கின்றன. பந்தி எத்தனை போட்டாலும் அடுப்பு ஒன்றுதான்.

ஃபோர்ட்நைட் 2018 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரே நேரத்தில் 34 லட்சம் பேர் ஆடிய வார இறுதியில் தடுமாறியது. அதை உருவாக்கிய எபிக் நிறுவனம் பிறகு வெளியிட்ட விளக்கத்தில் முக்கிய இடம், வீரர்களின் விவரங்களை வைத்திருந்த டேட்டாபேஸ் திணறியதற்குத்தான். டயாப்லோ 2 மறுவெளியீடு 2021-இல் விழுந்த கதை இன்னும் பாடமானது. உலகம் முழுவதற்கும் பொதுவான மைய டேட்டாபேஸ் ஒன்று இருந்தது. சர்வர் கோடில் ஒரு பகுதி பழைய விளையாட்டிலிருந்து அப்படியே வந்தது. இப்போது ஆடுகிறவர்கள் சின்னச் சின்ன ஆட்டமாக வேகவேகமாகத் தொடங்கி முடிக்கிறார்கள். பழைய கோடு அந்தப் பழக்கத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டதல்ல. அதே ஆண்டு அக்டோபரில் ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் 73 மணி நேரம் முடங்கியதற்குக் காரணம், சர்வீஸ்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் கான்சல் என்ற பொது மென்பொருள்.

சர்வர் திணறியதும் எல்லா மொபைலும் விடாமல் திரும்பத் திரும்ப லாகின் முயற்சி செய்யும். எழப் பார்க்கும் சர்வரை அதுவே மறுபடி சாய்த்துவிடும். அதனால் மறுமுயற்சிகளுக்கு இடையில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஆளுக்கு ஆள் அந்த நேரம் கொஞ்சம் மாறட்டும். வாசலில் வரிசையும் வையுங்கள். ரோப்லாக்ஸும் திரும்பி வந்தபோது ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விட்டது. லோடு டெஸ்டில் (பெருங்கூட்டம் வந்தால் தாங்குமா என்று பார்க்கும் சோதனையில்) ஆட்டத்தை மட்டும் சோதிக்காதீர்கள். எல்லோரும் ஒரே நிமிடத்தில் லாகின் செய்வதைச் சோதியுங்கள்.

கேள்வி: வெப்சாக்கெட்டில் சுடும் விளையாட்டு எழுதினேன். வைஃபையில் நன்றாக ஓடுகிறது, மொபைல் டேட்டாவில் உறைந்து உறைந்து குதிக்கிறது.

பதில்: வெப்சாக்கெட் என்பது மொபைலுக்கும் சர்வருக்கும் நடுவில் திறந்தே இருக்கும் இணைப்பு. அதற்கு அடியில் இருப்பது டிசிபி, தகவலைச் சின்னச் சின்ன பாக்கெட்டாக, வரிசை மாறாமல் சேர்க்கும் முறை. ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்ததெல்லாம் காத்திருக்கும். சதுரங்கத்துக்கு இது போதும். சுடுவதற்கு யூடிபி என்ற, தொலைந்ததற்குக் காத்திருக்காத முறை வேண்டும்; தொலைந்த பழைய நிலையை விட்டுவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி (மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவர்): 16 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) மெஷினுக்கு மாறினேன். கூட்டம் வந்தால் அதே லேக். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: மெஷின் மேல் தப்பில்லை. மைன்கிராஃப்ட் நொடிக்கு 20 டிக், அதாவது உலகத்தை நொடிக்கு 20 முறை நகர்த்துகிறது. ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். உலகத்தை நகர்த்தும் வேலையில் பெரும்பகுதி ஒரே த்ரெட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே வேலை வரிசையில்) நடக்கிறது, மற்ற கோர்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பார்த்து வாங்குங்கள். 2023-இல் வந்த ஃபோலியா என்ற மைன்கிராஃப்ட் சர்வர் மென்பொருள் உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனி த்ரெட்டில் ஓட்டுகிறது. ஆனால் பழைய பிளகின்களை (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்களை) மாற்றி எழுதாமல் அதில் ஓட்ட முடியாது. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு இதே சிக்கலுக்கு வேறு வழி எடுத்தது. ஆயிரக்கணக்கானோர் மோதும் போர்களில் விளையாட்டின் நேரத்தையே மெதுவாக்கி, தேவைப்பட்டால் பத்தில் ஒரு பங்கு வேகம்வரை இறக்குகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மெதுவாவதால் ஆட்டம் நியாயமாக நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

கேள்வி: ரெடிமேட் சேவைகளின் இலவசத் திட்டத்தில் எத்தனை பேர் ஆடலாம்?

பதில்: சேவைக்குச் சேவை மாறும். மொத்தப் பயனர் கணக்கா, ஒரே நேரத்தில் ஆடுபவர் கணக்கா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, சிலருக்கு காயின் கழிந்து பொருள் வரவில்லை. சிலருக்கு ஒரே பொருள் இரண்டு வந்துவிட்டது.

பதில்: இரண்டுக்கும் காரணம், வாங்கல் நடுவில் அறுவதுதான். முதலாவது, காயினைக் கழிப்பதும் பொருளைச் சேர்ப்பதும் டேட்டாபேஸின் ஒரே டிரான்சாக்ஷனில் நடக்க வேண்டும். பாதியில் அறுந்தால் இரண்டுமே நடக்கக் கூடாது. இரண்டாவது, வாங்கும் பட்டனை அழுத்தியதும் மொபைலில் ஒரு தனி எண் உருவாக்கி அனுப்புங்கள். நெட் போய் அதே கோரிக்கை மறுபடி வந்தால், சர்வர் அந்த எண்ணைப் பார்த்துப் பழைய பதிலையே தரட்டும். பல ரெடிமேட் சேவைகளில் காயினுக்கு ஒரு அழைப்பு, பொருளுக்கு வேறொரு அழைப்பு என்று இருக்கும். அப்படியானால் நடுவில் அறுந்த வாங்கல்களைத் தேடிச் சரிசெய்யும் வேலையை நீங்களே எழுத வேண்டும். காசு கொடுத்து வாங்குபவர்கள் இருந்தால் இதை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.