அரண்மனை விழாவில் பாடும் பாப் பாடகர்கள் எல்லாரும் மன்னராட்சி ஆதரவாளர்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2002இல் பிரிட்டன் அரசி எலிசபெத்தின் ஆட்சிப் பொன்விழாவில், குயின் இசைக்குழுவின் பிரையன் மே பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டைமாடியில் நின்று கிடாரில் தேசிய கீதம் வாசித்தார். அப்படியொரு மேடை கிடைத்தால் அரசியல் பார்க்காமல் ஏறுபவர்கள்தான் அதிகம்.

1977இல் அவரது ஆட்சி வெள்ளிவிழாவில் கதையே வேறு. தேசிய கீதத்தின் தலைப்பையே வைத்து அரச அமைப்பைச் சாடிப் பாட்டுப் போட்டது செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் இசைக்குழு. பிபிசி தடை செய்தும் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம்! தேம்ஸ் நதியில் படகிலேயே கச்சேரி வைத்தார்கள்; போலீஸ் வந்து நிறுத்தியது.

2023இல் மன்னர் சார்லஸ் முடிசூடிய மறுநாள் விண்ட்சரில் பாடிய லயனல் ரிச்சியும் கேட்டி பெர்ரியும் அமெரிக்கர்கள், அதாவது மன்னரே இல்லாத நாட்டுக்காரர்கள். முடிசூட்டு நாளன்று லண்டனில் மன்னராட்சி எதிர்ப்பாளர்கள் சிலர் கைதானார்கள். முடிசூட்டு விழாவுக்கு அரசு செலவு சுமார் 7.2 கோடி பவுண்டு. முணுமுணுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.