மெஷின் வைத்த பிறகு வாலிபால் ஆடலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 42 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாளில் இருந்து வாலிபால் ஆடுகிறேன். ஊர் டீமில் வலது கை அட்டாக்கர் நான்தான். விடியற்காலையில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஓடிவிட்டு வந்துதான் தோப்பு வேலை. பீடி, குடி எதுவும் கிடையாது. பொங்கல் டோர்னமென்டில் ஆடும்போதே மயங்கி விழுந்தேன். நெஞ்சை அமுக்கி, ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். இதயத் தசை தடித்திருக்கிறது என்று சொல்லி பெங்களூரில் ஐ.சி.டி. மெஷின் வைத்தார்கள். ஐந்து மாதம் ஆகிறது. சின்ன மேடு ஏறினாலே கால் ஓய்ந்துபோகிறது. வீட்டுக்காரி செல்போனைத் தொட விடுவதில்லை, மோட்டார் ரூம் பக்கம் போக விடுவதில்லை. கிரவுண்டுக்குப் போனால் பையன்கள் நாற்காலி போட்டு ஸ்கோர் எழுதச் சொல்கிறார்கள். எப்போது ஷாக் அடிக்குமோ என்று தூக்கமும் இல்லை. மறுபடி ஆட முடியுமா? என் மகனும் பத்தாவது படிக்கிறான், பள்ளி டீமில் ஆடுகிறான். அவன் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்க மனசு கேட்கவில்லை.
— வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கெட்ட பழக்கம் எதுவும் இல்லாமல், உடம்பை ஒழுங்காக வைத்திருந்தவருக்கு இப்படி வந்தால் வலி இரட்டிப்பாகத்தான் இருக்கும். தருமபுரியில் என்னிடம் வருகிறவர்களிலும் முன்பு ஓடியாடியவர்கள்தான் அதிகம் உடைந்துபோகிறார்கள். அந்த வருத்தத்தை அடக்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களை உட்கார வைத்திருப்பது மெஷின் என்று நினைக்கிறீர்களே, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐ.சி.டி. இதயத் துடிப்பைக் காவல் காக்கிறது. கீழறை தாறுமாறாகத் துடித்தால் கண்டுபிடித்து, தேவைப்பட்டால் ஷாக் கொடுத்து நேராக்கும். மற்ற நேரமெல்லாம் சும்மா கவனித்துக்கொண்டிருக்கும். கால் ஓய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இந்த நோய்க்கு வழக்கமாகத் தருவது பீட்டா பிளாக்கர். அது துடிப்பு வேகமாக ஏற விடாது. முன்பு மேடு ஏறும்போது நிமிடத்துக்கு 150 வரை போன துடிப்பு இப்போது 110இல் நின்றுவிடலாம், அதனால் கால் கனக்கும். ஐந்து மாதம் உட்கார்ந்ததில் தசையும் இளைத்திருக்கும். தடித்த தசை ரத்தம் வெளியேறும் வழியை அடைத்தாலும் மூச்சு வாங்கும். அதை எக்கோ எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மேடு ஏறும்போது கண் இருட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து.

இப்போது விளையாட்டு. ஐ.சி.டி. வைத்துக்கொண்டு விளையாடிய 372 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உங்களைப் போல இதயத் தசை தடித்தவர்களும் அதில் இருந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு நேரத்தில் ஷாக் அடித்தது. ஆனால் விளையாடும்போது இதயக் கோளாறால் இறந்தவர் ஒருவரும் இல்லை. டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூனில் மைதானத்திலேயே சரிந்தார். ஐ.சி.டி. வைத்த பின் 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் திரும்ப ஆடினார். அதுவரை அவர் ஆடிவந்த இத்தாலியில் விதிகள் அவரை ஆட விடவில்லை. நாட்டுக்கு நாடு முடிவு மாறும் அளவுக்கு இது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். அவருக்குச் சரியானது உங்களுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடலாமா என்பதை உங்கள் நோயின் தீவிரம்தான் தீர்மானிக்கும்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் ஒன்றை அவசியம் கேளுங்கள்: எத்தனை துடிப்புக்கு மேல் போனால் என் மெஷின் ஷாக் கொடுக்கும்? அந்த எண் தெரியாமல் ஓடக் கூடாது. உதாரணமாக அது 200 என்றால் 180ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரெட்மில்லில் நடக்க வைத்துச் சோதித்தால் உங்கள் எல்லை தெரிந்துவிடும். அதுவரை தட்டையான பாதையில், பக்கத்தில் ஒருவர் பேசினால் பதில் பேச முடிகிற வேகத்தில் நடங்கள். சட்டென்று வேகமெடுத்து ஓடுவது வேண்டாம். நம் ஊர் வெயிலில் உடம்பில் நீர் குறைவது இந்த நோய்க்கு ஆகாது, தண்ணீர் குடித்துவிட்டே கிளம்புங்கள்.

வலது கை அட்டாக்கர் என்பது நல்லதாகப் போயிற்று, வழக்கமாக மெஷின் வைப்பது இடது காறை எலும்புக்குக் கீழே. தையல் ஆறி டாக்டர் அனுமதித்த பிறகு இடது கையையும் தூக்கலாம். பயந்து அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். ஆனால் பிளாக்குக்கு இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் குதிப்பது, மெஷினில் இருந்து இதயத்துக்குப் போகும் ஒயரை வருஷக் கணக்கில் தேய்க்கலாம். பந்து மெஷின்மேல் அடிப்பதும் நல்லதில்லை. ஆட அனுமதி கிடைத்தால் முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்னால் நின்று ஆடுங்கள் என்பது என் கருத்து.

உங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். செல்போன் பேசலாம். வலது காதில் வைத்துப் பேசுங்கள், மெஷினுக்கும் போனுக்கும் 15 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். சட்டையின் இடது பையில் மட்டும் போன் வேண்டாம். மோட்டார் ரூமுக்குப் போகலாம், ஓடுகிற மோட்டாரில் இருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். அதைவிட முக்கியம் எர்த். மோட்டாரிலோ பைப்பிலோ கரண்ட் கசிந்தால் மெஷின் அதை இதயத் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் ஷாக் கொடுத்துவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். தோப்பில் சோலார் வேலி இருந்தால் அதைத் தொடவே கூடாது.

ஷாக் அடித்தால் நெஞ்சில் மாடு உதைத்தது போல இருக்கும் என்கிறார்கள். ஒரு நொடிதான். அந்த நேரத்தில் உங்களைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு ஆபத்தில்லை, லேசாகச் சுருக்கென்று இருக்கலாம். அதனால் பக்கத்தில் படுக்க உங்கள் வீட்டுக்கார அம்மா பயப்பட வேண்டாம். ஒரு ஷாக் அடித்து உடம்பு சரியாக இருந்தால் டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு அடித்தாலோ, ஒன்று அடித்தும் நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தாலோ 108ஐக் கூப்பிட வேண்டும். நினைவு திரும்பாவிட்டால் மெஷின் இருக்கிறதே என்று தயங்காமல் நெஞ்சை அமுக்கலாம். அன்று உங்களைப் பிழைக்க வைத்த பையன்களிடம் அவரும் கற்றுக்கொள்ளட்டும். தூக்கமில்லாமை இன்னும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஷாக் பயத்துக்கு நல்ல சிகிச்சை உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதயத் தசை தடிப்பது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. உங்களுக்கு மரபணுக் கோளாறு இருந்தால் அந்தக் கோளாறு ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கும், உங்களுக்கு இருந்தது போல. மகனுக்கு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுங்கள். அடுத்த மேட்சுக்கு முன்னால் எடுங்கள். உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும் எடுக்க வேண்டும். இப்போது சரியாக இருந்தாலும் மகன் வளர்கிற வயதில் இருப்பதால் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். போகும்போது உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தால்தான் அங்கே இருப்பவருக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.