கச்சாங் என்று கேட்டால் போதாது

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடலை, முந்திரி பற்றியவை. தீபாவளிப் பலகாரம் நெருங்குகிறது போலும்.

என் 6 வயது மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவில் சுண்டல், பயத்தங்காய், ஐஸ் கச்சாங் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே? (பட்டர்வொர்த்)

மூன்றில் ஒன்று மட்டும் சரி. குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். மலாயில் நிலக்கடலையும் கச்சாங், பயத்தங்காயும் கச்சாங், முந்திரிகூட கச்சாங் காஜுஸ். நம் தமிழும் சளைத்ததில்லை. 'கடலை' என்றால் எந்தக் கடலை என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. நிலக்கடலை மண்ணுக்குள் விளையும் பயறு வகை. ஆனால் அது ஒவ்வாதவர்களில் பெரும்பாலானோர் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, துவரம்பருப்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். உங்கள் மகனும் இதுவரை சுண்டல் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் தொடரட்டும், பயத்தங்காயும் அப்படியே. ஐஸ் கச்சாங்கில் மட்டும் வறுத்த நிலக்கடலை போடுவார்கள். அதை நிறுத்தியது நல்லது.

முந்திரி போட்ட பாயசம் குடித்து உதடு வீங்கிவிட்டது. பாதாம் சாப்பிடலாமா? (ஆயர் ஈத்தாம்)

பாதாமை விட நான் பயப்படுவது பிஸ்தாவுக்கு. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒவ்வாது. வால்நட்டும் பெக்கானும் இதேபோல் ஒரு ஜோடி. பாதாம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவும் கூடும். வீட்டில் தின்று பார்த்துச் சோதிக்காமல், தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்த பிறகு முடிவு செய்யலாம்.

தேங்காயும் ஜாதிக்காயும்? (பாலிக் புலாவ்)

ஜாதிக்காய் ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! அது ஒரு பழத்தின் விதை. முந்திரி, பாதாம் பட்டியலில் சேராது. தேங்காயை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெகுகாலம் மரக்கொட்டைகளோடு சேர்த்து வைத்திருந்து, 2025 ஜனவரியில்தான் நீக்கியது. தேங்காய்க்கே ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு, ஆனால் அபூர்வம்.

கடலை ஒவ்வாமையோடு பினாங்கில் வெளியே சாப்பிடவே முடியாதா? (ஜார்ஜ்டவுன்)

முடியும், ஆனால் வாய் கூசாமல் கேட்க வேண்டும். பொட்டல உணவு என்றால் 1985 உணவு ஒழுங்குமுறைப்படி கடலையும் கொட்டைகளும் இருப்பதை லேபிளில் சொல்லியாக வேண்டும். தள்ளுவண்டிக்கு ஏது லேபிள்? சாத்தே குழம்பு, பசெம்போர், ரோஜாக், அப்பம் பாலிக் எல்லாவற்றிலும் நிலக்கடலை. நாசி லெமாக்கில் நெத்திலியோடு அதுவும் கிடக்கும். பொறுக்கி எடுத்துவிட்டால் சரியாகிவிடாது. கேட்கும்போது வெறுமனே 'கச்சாங்' என்று கேட்காதீர்கள், 'கச்சாங் தானா' (மலாயில் நிலக்கடலை) என்று தெளிவாகக் கேளுங்கள். அகப்பையும் வாணலியும் பொதுவா என்றும் கேளுங்கள். 'சிக்கிட் சாஜா' என்று பதில் வந்தால் எழுந்துவிடுங்கள். இந்த விஷயத்தில் கொஞ்சம் என்று ஒன்று கிடையாது.

குழந்தைக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்காதே என்கிறார் மாமியார். (புக்கிட் மெர்தாஜாம்)

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். 2015-ல் வெளிவந்த லண்டன் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. கடுமையான கரப்பான் என்ற தோல் அரிப்பு நோயோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாதக் குழந்தைகளில் ஒரு பாதிக்குத் தொடர்ந்து கடலை உணவு கொடுத்தார்கள். ஐந்து வயதில் அவர்களிடம் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் குழந்தைக்கும் கரப்பான் கடுமையாக இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் திட உணவு தொடங்கிய பின் கடலை விழுதைக் கஞ்சியில் நன்றாகக் கரைத்துக் கொடுக்கலாம். முழுக் கடலை மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

வீங்கினால் அரிப்பு மாத்திரை போதுமா? (சுங்கை பாக்காப்)

தடிப்புக்கும் அரிப்புக்கும் போதும். மூச்சு இரைத்தால், குரல் கம்மினால், தலை சுற்றிச் சாய்ந்தால் போதாது. அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம் உடனே போட்டுவிட்டு 999-ஐ அழையுங்கள். படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் உட்காரலாம், நடக்கவே கூடாது. அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரக்கூடும்.

பாசார் மாலாமில் விற்கும் அவித்த நிலக்கடலை?

அவித்தால் வீரியம் கொஞ்சம் குறையும், போகாது. வேண்டாம்.